திரும்பிப் பார்த்தால் குன்றைக் காணோம்!

கேள்வி: ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், நாம் உள்ளே நடந்து திரியும்படி ஓர் உலகத்தையே ஏஐ உருவாக்கிவிடுகிறதாமே? நீங்கள் பார்த்தீர்களா? இனி கேம் தயாரிப்பவர்களின் கதி?

பதில்: பார்த்தேன். எந்த கேமில் இறக்கிவிட்டாலும் நான் முன்னால் ஓடுகிற ஆளில்லை. நின்று சுற்றுமுற்றும் பார்ப்பேன். பிரவுசரிலேயே ஓடும் ஒரு டெமோவில் எதிரே பெரிய மண்குன்று. தலையைக் குனிந்து காலடிப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், குன்றைக் காணோம். அங்கே தண்ணீர் பளபளக்கிறது! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வழக்கமான கேமில் குன்று எங்கே, கதவு எங்கே என்று கணக்கு இருக்கும். நீங்கள் பார்க்காவிட்டாலும் குன்று அங்கேயே நிற்கும். இந்த மாடல்களிடம் அப்படி ஒரு கணக்கே கிடையாது. சற்றுமுன் வந்த ஃபிரேம்களையும் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்) நீங்கள் அழுத்திய பட்டனையும் வைத்து, அடுத்த ஃபிரேம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. புல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் நினைவிலும் புல்தான் மிஞ்சும். குன்றுக்கு அது எங்கே போகும்?

ஆகவே படம் எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள், ஞாபகம் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் 'டூம்' என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமை இந்த முறையில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த 'கேம்என்ஜென்' மாடலுக்குக் கிடைத்த பழைய காட்சி மூன்று விநாடி சொச்சம். அடுத்த ஆகஸ்டில் கூகுள் டீப்மைண்ட் அறிவித்த 'ஜீனி 3', விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். ஒரு நிமிடம் முன்பு பார்த்தது வரை நினைவு வைத்திருக்கும் என்றார்கள். ஒரே வருடத்தில் இவ்வளவு தூரமா என்று நான் அசந்தது அங்கேதான்.

ஏஐ விஞ்ஞானி ஃபெய்-ஃபெய் லீயின் வேர்ல்ட் லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மார்பிள்' வேறு ரகம். அது இடத்தை 3டி காட்சியாகவே செய்து கொடுத்துவிடும். சேமித்து வேறு மென்பொருளிலும் ஏற்றலாம். அங்கே பின்னால் விட்டுவந்தது காணாமல் போகாது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் அறையில் எடுத்த சாவி, மூன்று மணி நேரம் கழித்துக் கடைசி அறைக் கதவைத் திறந்தால்தான் அது கேம். சில நிமிட ஞாபகத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஆனால், 'இந்தக் குகை எப்படி இருக்கும்?' என்று வேலையைத் தொடங்குமுன் உள்ளே ஒரு நடை போய்வர இதைவிடச் சுலபமான வழி இல்லை. முன்மாதிரிக் காட்சிகள் வரைபவர்களுக்குக் கொஞ்சம் கலக்கம் இருக்கத்தான் செய்யும்.

முயன்று பார்ப்பதென்றால், உள்ளே ஏதாவது பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் கிட்டப் போய்ப் படியுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த வரியில் இல்லாத எழுத்தென்றால் பெரும்பாலும் கிறுக்கல்தான்.