முதலில் பூட்ஸ், போர்டு அப்புறம்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். வரும் ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் போய், பனியில் பலகைமேல் நின்று சறுக்குகிற ஸ்னோபோர்டிங் கற்கலாம் என்றிருக்கிறேன். எடை 72 கிலோ, ஷூ அளவு 8. ஆன்லைனில் 162 செ.மீ. போர்டு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? "பூட்ஸெல்லாம் அங்கேயே கிடைக்கும், விடுங்க" என்கிறார் டிராவல்ஸ்காரர்.

பதில்: போர்டு வேண்டாம். அதைக் குல்மார்க்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் பூட்ஸுக்குப் போகட்டும்.

போர்டின் நீளத்தை முக்கியமாக உங்கள் எடைதான் தீர்மானிக்கிறது. 72 கிலோவுக்கு, அதுவும் புதிதாகக் கற்பவருக்கு, 152 முதல் 156 வரை போதும். நன்றாக வளைந்துகொடுக்கிற ரகமாக இருக்கட்டும். 162-ஐத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். 'கேம்பர்', 'ராக்கர்' என்று போர்டின் வளைவு வகைகளைக் கடைக்காரர் ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

பூட்ஸ் அப்படியல்ல. கால் சொல்வது பூட்ஸ் வழியாகத்தான் போர்டுக்குப் போகிறது. உள்ளே குதிகால் தூக்கினால் போர்டு தாமதமாகத்தான் திரும்பும். ஷூ அளவு 8 என்பதை மறந்துவிடுங்கள். இங்கிலாந்து 8, அமெரிக்க 8 இரண்டும் ஒன்றல்ல. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீளமான விரல்வரை செ.மீ.யில் அளந்து, 27 வந்தால் 27 என்று போட்ட பூட்ஸையே போட்டுப் பாருங்கள். கயிற்றை இறுக்கி நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. "குளிர் சார், ரெண்டா போடுங்க" என்பார்கள். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் நெருக்குப்பட்டு விரல்தான் மரத்துப்போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அகலப் பாதம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நசுங்கும். உடனே கடைக்காரர் 28-ஐ நீட்டுவார். வாங்காதீர்கள். அகலம் தீரும், குதிகால் ஆடத் தொடங்கிவிடும். பழகப் பழக உள்பஞ்சு அமுங்கி இன்னும் தொளதொளக்கும். அதே 27-இல் 'வைட்' என்று தனி மாடல் வருகிறது, அதைக் கேளுங்கள். பெருவிரல் மட்டும் இடிக்கிறது என்றால் அது வேறு. நகத்தை வெட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் போட்டுப் பார்த்து வாங்க நம் ஊரில் கடை ஏது? இறக்குமதி என்றால் சுங்க வரி. அளவு தப்பினால் திருப்பி அனுப்பும் தொல்லை வேறு. வெளிநாடு போகும்போது வாங்குவது உத்தமம். முடியாவிட்டால் குல்மார்க் வாடகைக் கடையில் வெட்கப்படாமல் அரை மணி நேரம் செலவழித்து நாலைந்து ஜோடி போட்டுப் பாருங்கள். கால் அளக்க ஒரு ஸ்கேல் வைத்திருக்க என்ன செலவாகிவிடும்? வைக்க மாட்டார்கள்.

வழியில் தங்மார்கில் வண்டி நின்றதும் "மேலே கிடைக்காது" என்று பூட்ஸையும் கோட்டையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவை பெரும்பாலும் பனியில் நடக்கிற ரப்பர் பூட்ஸ். போர்டில் மாட்டவே மாட்டாது. கொண்டோலா என்கிற ரோப் காரின் 2-ஆம் கட்ட டிக்கெட்டையும் 'பேக்கேஜ்' என்று சேர்ப்பார்கள். அது அஃபர்வட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். கற்பவருக்கு அங்கே வேலையில்லை.

வாடகை போர்டை வாங்குமுன் இரும்பு விளிம்பில் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் கொஞ்சமாவது சீவப்பட வேண்டும். பூட்ஸைப் போர்டோடு பிடிக்கிற பைண்டிங்கின் திருகுகள் ஆடக் கூடாது. விழும்போது மணிக்கட்டைக் காக்கிற 'ரிஸ்ட் கார்டை' மட்டும் சென்னையிலேயே ஸ்கேட்டிங் சாமான் விற்கிற கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.