தப்பில்லாமல் வாசித்தும் வயலினில் மார்க் ஏன் குறைகிறது?

மகள் ஸ்வரம் தப்பாமல் வாசித்தும் கர்நாடக வயலின் தேர்வில் மார்க் குறைந்தது ஏன், ஆசிரியர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருதி, அதாவது ஸ்வரங்கள் ஆதார ஒலியோடு இசைந்து நிற்பது. நாலு தந்தியையும் தம்புராவோடு சேர்க்கும்போதே பாதி தெரிந்துவிடும். வீணை மாதிரி விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் வயலினில் கிடையாது. விரல் மயிரிழை தள்ளினாலும் காதில் உறுத்தும்.

அப்புறம் காலப்பிரமாணம், அதாவது வேகம் மாறாமல் வாசிப்பது. வர்ணம் என்ற உருப்படியை இரண்டு காலத்தில் (வேகத்தில்) வாசிக்கச் சொல்வது இதற்குத்தான். பிள்ளைகள் தெரிந்த இடத்தில் ஓடுவார்கள், கஷ்டமான இடத்தில் இழுப்பார்கள்.

ஆனால் மார்க் அதிகம் போவது கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதில். தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைக்காமல் நேராகப் பிடித்தால் நோட்டில் எழுதியபடி சரிதான். கேட்பவருக்கு அது தோடியே இல்லை. உங்கள் மகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

வில்லையும் கவனிப்போம். ஒரு சொல்லின் நடுவில் வில்லைத் திருப்பினால் சாகித்யம் (பாட்டின் வரிகள்) உடைந்து கேட்கும். அதே வரியை முதலில் வாயால் பாடச் சொல்லுங்கள், எங்கே திருப்ப வேண்டும் என்று அவளுக்கே புரியும்.

நடுவில் தடுமாறினால்? நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குபவரைவிட, தாளத்தை விடாமல் அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) வந்து சேர்ந்துகொள்பவருக்கு நான் அதிக மார்க் போடுவேன்.