மேடையில் மட்டும் கிட்டார் ஒயர்லெஸ் ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கேபிள் காலில் சிக்குகிறது என்று, உள்ளங்கையில் அடங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் செட் ஒன்று வாங்கினேன். வீட்டில் அடுத்த அறை வரை நடந்து வாசித்தாலும் நன்றாகக் கேட்டது. திருவிழா மேடையில் பத்தடி நகர்ந்தாலே விட்டு விட்டு வருகிறது. சத்தமும் கேபிளில் வாசிப்பதைவிடக் கீச்சென்று இருக்கிறது. செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே நல்ல செட்டிலும் வரக்கூடியவைதான்.

முதலில் விட்டு விட்டு வருவதைப் பார்ப்போம். பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். கிட்டாரில் செருகும் டிரான்ஸ்மிட்டருக்கும், ஆம்ப் எனப்படும் ஆம்ப்ளிஃபயரில் செருகும் ரிசீவருக்கும் நடுவில் எதுவுமே இல்லாதபோது கிடைக்கும் தூரம் அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. நீங்கள் திரும்பி டிரம்மரைப் பார்த்து வாசிக்கும்போது உங்கள் இடுப்பே அலைக்குக் குறுக்கே சுவராக நிற்கிறது.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கேட்டது? அங்கே சுவரும் கூரையும் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. நேர்வழி அடைபட்டாலும் சுவரில் பட்டுத் தெறித்த அலை ரிசீவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திறந்தவெளி மேடையில் மேலே வானம், எதிரே மைதானம். தெறித்து வர ஒன்றும் இல்லை. வெட்டவெளியில்தான் நன்றாக எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், உடம்பு மறைக்கும்போது நடப்பது நேர்மாறு.

இதோடு கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. வைஃபை, புளூடூத், செல்போன் ஹாட்ஸ்பாட் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுபவை. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் அலைவரிசை அது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியிலோ ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழாவிலோ மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் கையில் எத்தனை போன் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாலை 5 மணிக்குக் காலி மைதானத்தில் சவுண்ட் செக் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, என்ன செய்வது? ரிசீவர் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். நிறையப் பேர் அதை ஆம்பின் பின்பக்கமாகவோ, மேடை ஓரத்து மிக்ஸருக்குப் பின்னாலோ செருகிவிடுகிறார்கள். இரும்பும் ஸ்பீக்கர் காந்தமும் அங்கேயே அலையை மறைத்துவிடும். ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிள் போட்டு ரிசீவரை வெளியே இழுத்து, உங்கள் முன்னால் இடுப்பு உயரத்தில், மைக் ஸ்டாண்டிலோ நாற்காலியிலோ டேப் போட்டு ஒட்டுங்கள். சத்தத்தை மாற்றக் காலால் அழுத்தும் பெடல் வைத்திருந்தால் பெடல் போர்டின் முன் ஓரத்தில் வைக்கலாம். பக்கத்தில் உங்கள் போனை வைக்காதீர்கள். பாடல் வரி பார்க்கும் டேப்லெட்டையும் தள்ளி வையுங்கள், முடிந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். குழுவினரும் ஹாட்ஸ்பாட்டை அணைக்கட்டும். இதை மட்டும் செய்தாலே பெரும்பாலான மேடைகளில் தொல்லை தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் தொல்லை என்றால் சேனலை மாற்றிப் பாருங்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளும் கிடைக்கின்றன. அதில் நெரிசல் குறைவு, ஆனால் உடம்பு மறைப்பது இன்னும் கூடுதல். இவற்றைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடும் பழைய யூஎச்எஃப் செட்டை யாராவது மலிவாகக் கொடுத்தால், அது 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வதா என்று பார்த்து, அப்படியானால் விட்டுவிடுங்கள். அந்த அலைவரிசை இப்போது நம் நாட்டில் 5ஜி செல்போன் சேவையில் இருக்கிறது.

அடுத்து, அந்தக் கீச்சுச் சத்தம். இது கோளாறே இல்லை. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கும் தன்மை) இருக்கும். 6 மீட்டர் கேபிள் என்றால் 600. கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சாதாரண பிக்கப்பில் இருந்து வரும் மேல் சுருதிகளில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். அந்த மழுங்கிய சத்தத்துக்குத்தான் உங்கள் காது பழகியிருக்கிறது, ஆம்பையும் அதற்கேற்பத்தான் திருகி வைத்திருக்கிறீர்கள். கேபிள் போனதும் பிக்கப்பின் முழுச் சத்தமும் வருகிறது. கிட்டாரில் டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்தாலோ ஆம்பில் டிரெபிளை இறக்கினாலோ போதும். பாஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்-20 போன்ற சில செட்டுகளில் கேபிளின் அந்தச் சாயலை உள்ளேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் தலைவலி உண்டு. பழைய பாணி ஃபஸ், பிக்கப்போடு நேராகச் சேர்ந்தால்தான் குணத்தைக் காட்டும். நடுவில் ஒயர்லெஸ் வந்தால் சத்தம் கரடுமுரடாகிவிடும்.

தாமதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த டிஜிட்டல் செட்டுகளில் பொதுவாக 3 முதல் 6 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். ஆம்பிலிருந்து மூன்றடி முதல் ஆறேழு அடி தள்ளி நிற்பது போலத்தான், விரலுக்குத் தெரியாது. ஆனால் புளூடூத் ஸ்பீக்கரையோ புளூடூத் இயர்போனையோ இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அதில் தாமதம் 100 மில்லிசெகண்டையும் தாண்டும், தாளமே போய்விடும்.

இப்போது, திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கான முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துத் திருவிழா மேடைகள் பலவும் ஜெனரேட்டரில் ஓடுபவை. எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது. கேபிளில் வாசிக்கும்போது கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக் வேறு லைனில் இருந்து, இரண்டுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், கம்பியைப் பிடித்தபடி உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கும். மழை நனைத்த மேடையில் அது உயிருக்கே ஆபத்து. கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி 1976 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் மேடைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டு மின்சாரம் தாக்கி விழுந்தார். அதன் பிறகுதான் அந்தக் குழு ஒயர்லெஸுக்கு மாறியது. ஒயர்லெஸில் கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால் இந்த ஒன்றுக்காகவே நான் இதை வாங்கச் சொல்வேன். ஆம்பையோ பெடலையோ ஈரக் கையோடு தொடுவதற்கு இது பாதுகாப்பு அல்ல, அந்த எர்த்தை மைக் செட்காரரிடம் தனியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சார்ஜ் விஷயம் எளிது. சிறிய செட்டுகளில் பல 4, 5 மணி நேரம் தாங்கும், பேட்டரி பழசானால் குறையும். கச்சேரிக்கு முன் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் முழுதாக ஏற்றுங்கள். பையில் கேபிள் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இனி, செட் பழுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடியற்காலையில் ஆள் இல்லாத மைதானத்துக்கு அதையும் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்பையும் எடுத்துப் போங்கள். போனை அணைத்துவிட்டு, ரிசீவரைப் பார்த்தபடி ஐந்து மீட்டரில் நின்று கால் மணி நேரம் வாசியுங்கள். அங்கேயும் விட்டு விட்டு வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.