வேலியோரக் காந்தள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கரூர் மாவட்டத்தில் எங்கள் தோட்டத்து வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. கண்வலிப்பூ என்று சொல்லி, என் மாமியார் குழந்தைகளை அதன் அருகே விடுவதில்லை. உறவினர் ஒருவரோ, கிழங்கைக் காயவைத்துப் பொடித்துத் தின்றால் மூட்டுவலி தீரும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

க.

அன்புள்ள க.,

உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பூவைப் பார்ப்பதால் கண் வலிக்காதுதான். ஆனால் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போகும் பூவிலிருந்து குழந்தைகளை விலக்கிவைக்க இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

உறவினர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள், யூரிக் அமிலம் படிந்து வரும் 'கௌட்' என்னும் மூட்டுவாதத்துக்கு மருந்து. மருத்துவர்கள் அதை அரை மில்லிகிராம் மாத்திரையாக எழுதித் தருகிறார்கள் என்பதிலிருந்தே அதன் வீரியத்தை ஊகிக்கலாம். தேய்மானத்தால் வரும் சாதாரண மூட்டுவலிக்கு அது மருந்தல்ல.

கொல்கிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கிறது. பயிர் ஆய்வாளர்கள் 1937 முதல் அதைக்கொண்டே செடிகளில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி வருகிறார்கள். உடலில் அளவு மீறினால், ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் அணுக்களே முதலில் அடிபடுகின்றன. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்குக்குக் கிழங்கு சத்து மாறுவதால் வீட்டுப் பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது.

காந்தளின் பயனைக் காண விரும்பினால் மூலனூர், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மருந்துத் தொழிலுக்கான விதைக்காக இதைப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். பூவின் பெண் உறுப்பான சூலகத்தண்டு மகரந்தப் பைகளை விட்டு ஒருபுறமாக மடிந்து நிற்பதால், காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தத்தை அந்தத் தண்டின் நுனியில் சேர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேளாண்மையில் இவ்வளவு பொறுமை கேட்பது வேறில்லை.

வேலியிலிருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். கோடைக்குள் கொடி முற்றிலும் காய்ந்துவிடும். பட்டுப்போயிற்றென்று எண்ணித் தோண்டிவிடாதீர்கள். கலப்பைபோல் வளைந்த கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும்.