உகாண்டாச் சிறுமிக்கு மாதந்தோறும் பணம்: அது யாருக்குப் போகிறது?

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் வசிக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஏழைப் பிள்ளைகளுக்கு மாத ஆதரவு திரட்டும் கம்பேஷன் என்னும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தார் பிள்ளைகளின் படம் போட்ட உறைகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். உகாண்டாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமியின் உறையை என் மகள் எடுத்து வந்துவிட்டாள். நாங்கள் கட்டும் பணம் அந்தப் பிள்ளைக்குத்தான் போகுமா? அதனால் பயன் உண்டா? தமிழ்நாட்டில் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஏன் இப்படிச் செய்ய முடியவில்லை?

பதில்: அந்தச் சிறுமியின் கையிலோ பெற்றோரின் கையிலோ உங்கள் மாதத் தொகை ரொக்கமாகச் சேர்வதில்லை. அவள் ஊரிலுள்ள ஒரு திருச்சபை நடத்தும் மையத்துக்குச் சென்று, பள்ளிச் செலவு, சீருடை, சத்துணவு, மருத்துவப் பரிசோதனை, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள் என அங்கே செலவாகிறது. மாறாக, 1950இல் தொடங்கிய வேர்ல்ட் விஷன் போன்ற நிறுவனங்கள், ஸ்பான்சர்களின் (மாதந்தோறும் பணம் கட்டும் ஆதரவாளர்களின்) பணத்தை ஒன்றுசேர்த்து அந்த வட்டாரத்தின் குடிநீர், பள்ளி, சுகாதாரப் பணிகளுக்குச் செலவிடுகின்றன. இரண்டும் நேர்மையான முறைகளே. ஆனால் உறையின் மேல் ஒரு பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பயன் உண்டா என்பதற்கு ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. புரூஸ் வைடிக் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், இந்தியா, உகாண்டா, கென்யா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் கம்பேஷன் திட்டத்தில் வளர்ந்தவர்களையும் வளராதவர்களையுமாக 10,144 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திட்டம் ஓர் ஊருக்கு வந்தபோது வயது வரம்பைத் தாண்டிவிட்டதால் சேர முடியாமற்போன அண்ணன் அக்காமாரோடு, சேர்ந்த தம்பி தங்கையரை ஒப்பிட்டார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் பலம். குடும்பம் ஒன்றே என்பதால், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்ததால் வந்த பலன் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைக் கல்வியை முடித்தோரின் பங்கு 12 முதல் 18 விழுக்காட்டுப் புள்ளி அதிகமாக இருந்தது. எனினும் அவர்கள் 1980 முதல் 1992 வரையிலான காலத்துப் பிள்ளைகள். இன்றைய உகாண்டாவுக்கு அதே எண்களை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பணம் மட்டுமே காரணமா என்று கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன். ஜகார்த்தாவின் ஏழைப் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில்களைக் கொடுத்துத் தம்மைத் தாமே வரையச் சொன்ன மற்றோர் ஆய்வில், ஸ்பான்சர் உள்ள பிள்ளைகளின் படங்களில் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எழுதும் கடிதத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கை வழியே போகும் கடிதம் என்பதால் வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும்; பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். உங்கள் வீடு, கார், சுற்றுலாப் படங்களை அனுப்ப வேண்டாம். முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டாம். இரு தரப்பின் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. அவள் பள்ளியில் எந்தப் பாடம் பிடிக்கும், வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று உங்கள் மகளே கேட்டு எழுதட்டும். அவள் குடும்பத்துக்குத் தனியாகப் பரிசுத் தொகை அனுப்பினால், மையப் பணியாளர் உடன் சென்று மெத்தையோ, கூரைத் தகடோ, ஆடோ வாங்கித் தந்து படமும் அனுப்புவது வழக்கம்.

சரிபார்க்கவும் வேண்டும். 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் செய்தியாளர்கள் தாங்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து சில நிறுவனங்களைச் சோதித்தபோது, மாலி நாட்டில் இறந்துபோன ஒரு சிறுமியின் பேரில் பணம் தொடர்ந்து வாங்கப்பட்டு வந்தது தெரியவந்தது. கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் கனடா வருவாய் முகமைக்கு வரவுசெலவு விவரங்களுடன் தரும் டி3010 படிவம் எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். முதலில் அதைப் படியுங்கள். ஆண்டு கடந்தும் கடிதமோ புதிய படமோ வராவிட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கம்பேஷன் மையங்களில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம் என்றாலும் வேதாகமப் போதனை திட்டத்தின் ஒரு பகுதி. அது உங்களுக்கு உவப்பா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பேஷன் இந்தியாவில் 1,45,000 பிள்ளைகள் வரை ஆதரித்து வந்தது. சென்னையிலிருந்து கருணா பால் விகாஸ் என்னும் அமைப்பு அதன் பணியை நடத்தியது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், முன் அனுமதியின்றி கம்பேஷனின் பணம் வரக்கூடாது என்று உள்துறை அமைச்சகம் 2016இல் கட்டுப்பாடு விதிக்க, 2017 மார்ச்சில் கம்பேஷன் இந்தியாவை விட்டு வெளியேறியது. தமிழ்நாட்டில் உங்கள் உறவிலேயே தந்தையை இழந்த பிள்ளை இருந்தால், மிஷன் வாத்சல்யா என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் அரசு ஆதரவுத் தொகை உண்டு. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பமாயின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஏழு வயதுப் பிள்ளை என்றால் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர வேண்டிய பொறுப்பு என்று கணக்கிட்டுக் கையெழுத்திடுங்கள். இடையில் வேலை போய்விட்டால் தவணையைச் சொல்லாமல் நிறுத்தாமல் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவளுக்கு வேறொரு ஸ்பான்சரைத் தேடுவார்கள், நீங்கள் விடைபெற்று எழுதும் கடிதத்தையும் சேர்ப்பிப்பார்கள்.