குடும்பத்தோடு பாலைவன மண் பாதையில் பைக் ஓட்டுவது பொறுப்பில்லாத காரியமா?

கேள்வி கேட்டவர் தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கிறார். புதிதாக ஒரு டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கியிருக்கிறார், மனைவியும் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். இரண்டு நண்பர் குடும்பங்களோடு மொஹாவி பாலைவனத்து மண் பாதைகளில் இரண்டு நாள் சுற்றிவர ஆசை, ஆனால் வீட்டுப் பெரியவர்கள் "பிள்ளை குட்டியை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா" என்கிறார்கள். இதுதான் கேள்வி.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஒரு வரியில் முடித்திருப்பேன், ஆனால் "பொறுப்பில்லாத" என்ற அந்தச் சொல்லை நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: டூயல் ஸ்போர்ட் என்பது நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் உள்ள, தார் ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற பைக். மொஹாவி தேசியப் பாதுகாப்புப் பகுதிக்குள் இப்படி ரோட்டில் ஓட்டப் பதிவு செய்த வண்டி மட்டும்தான் போகலாம், பதிவு இல்லாத மோட்டோகிராஸ் பைக்குக்கு அனுமதி கிடையாது. லைசென்ஸ் வேண்டும், இருக்கிற பாதையை விட்டு ஓர் அடி கூட இறங்கக் கூடாது. "நீங்களெல்லாம் போய்த்தான் பாலைவனத்தைக் கெடுக்கிறீர்கள்" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நாங்கள் பாதையை விட்டு இறங்குகிற ஆட்கள் இல்லை. அங்கே ஆமைகள் இருக்கின்றன, அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கிற இனம். நிறுத்திய வண்டியின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்னாலும் என் இளையவன் மண்டியிட்டு டயருக்கு அடியில் பார்த்த பிறகுதான் கார் நகரும். இந்தப் பழக்கத்தை நாங்கள் ஒரு முறை கூட விட்டதில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு நவம்பர் கடைசி, நன்றி நவிலும் நாள் விடுமுறை. நான் சுசுகி டிஆர் 650, என் மனைவி யமஹா டிடபிள்யூ 200, அப்போது 17 வயதான மூத்தவள் யமஹா எக்ஸ்டி 250. நண்பர்கள் இரண்டு பேர், ஒருவர் ஹோண்டா 300, இன்னொருவர் மதுரைக்காரர், கவாசாகி கேஎல்ஆர். அவர் மனைவி எங்கள் டொயோட்டாவை ஓட்டினார். அதில் என் இளையவன், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, 20 லிட்டர் பெட்ரோல், அறுபது லிட்டர் தண்ணீர், கூடாரங்கள், ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய புளிசாதம். பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை: பகுதிக்குள்ளே பெட்ரோல் பங்க் ஒன்று கூடக் கிடையாது. டிடபிள்யூவின் டேங்க் ஏழு லிட்டர்தான். கூட வருகிற வண்டிகளில் எதன் டேங்க் சின்னதோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்த டிடபிள்யூவைப் பார்த்துச் சிலர் "பொம்மை வண்டி" என்பார்கள். என் மனைவி ஐந்தடி ஓர் அங்குலம். டிடபிள்யூவின் சீட் உயரம் 79 சென்டிமீட்டர், ஹோண்டா 300இன் சீட் 88. மணலில் வண்டி சாயும்போது காலை ஊன்ற முடிகிறதா இல்லையா என்பதுதான் விஷயம், மற்ற எல்லாம் அப்புறம். பின்னால் யானைக் கால் மாதிரி அகலமான டயர் வேறு, மணலில் மற்ற எல்லோரும் உழுதுகொண்டிருக்க அவள் பாட்டுக்குப் போவாள். உங்கள் மனைவிக்கு வண்டி வாங்கும்போது கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காஃப்ஸ் என்ற சின்ன ஊரில் தொடங்கினோம். 1914இல் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது, டென்னிஸ் கேஸ்பியர் என்பவர் அதை மீட்டுப் புதுப்பித்தார். மறந்துபோன மொஹாவி ரோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, மைல் மைலாகக் குறித்து, நம்மைப் போன்றவர்கள் போகும்படி செய்ததும் அவர்தான். கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே சுமார் 220 கிலோமீட்டர் போகும் பாதை அது. மொஹாவி பழங்குடியினர் கடற்கரை வரை வியாபாரத்துக்கு நடந்த ஒற்றையடிப் பாதைதான் மூலம். 1776இல் கார்சஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் அவர்கள் வழிகாட்ட அதில் போயிருக்கிறார், 1857இல் பீல் என்பவர் ஒட்டகங்களையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் இந்தப் பாதை இப்படி வளைந்து வளைந்து போகிறது, நேராகப் போட்டிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் சொன்னார், "ஊத்து இருக்கற எடமாப் பாத்துத்தான் போட்டிருக்கான், நம்ம தேரியில நடக்கற மாதிரி." உண்மைதான். பையூட் ஓடை, ராக் ஸ்பிரிங், மார்ல் ஸ்பிரிங்ஸ், சோடா ஸ்பிரிங்ஸ் என்று ஊற்றிலிருந்து ஊற்றுக்குத்தான் அந்தப் பாதை போகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. எங்களுக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தேரிக்காடு இருக்கிறது. சிவப்பு மணல், முழங்கால் வரை புதையும், நடுவில் பனையும் கொல்லாமரமும். அப்பா அந்த மணலில் ராஜ்தூத்தில் கருப்பட்டி மூட்டை ஏற்றி ஓட்டியவர். நான் இங்கே நல்ல பணம் கட்டி ஒரு நாள் மணல் பயிற்சிக்குப் போனேன். எழுந்து நில், உடம்பைப் பின்னால் வை, தூரத்தைப் பார், ஹேண்டில்பாரை இறுக்காதே, முன் பிரேக்கைத் தொடாதே, ஆக்ஸிலேட்டரைக் குறைக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் லான்ஃபேர் பள்ளத்தாக்கில் என் மகள் இரண்டு முறை விழுந்தாள். அப்பா காரை விட்டு இறங்கி அவளிடம் போய், "ஏட்டி, வண்டியப் போட்டு அமுக்காத. அது பாம்பு மாதிரி நெளியும், நெளியட்டும். நீ கேஸ மட்டும் விட்டுராத" என்றார். அதற்குப் பிறகு அவள் விழவில்லை. நான் ஒரு நாள் முழுக்கக் கற்றது இரண்டே வரிதான், அதுவும் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. டயரில் காற்றை இறக்கச் சொன்னதும் அவர்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "எழுபது வயது மனிதரைப் பாலைவனத்துக்கு இழுத்துப் போனாயே" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பாவுக்குப் பாலைவனத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தைய மாதம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் வயிற்று வலி வந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். பெற்றோர் வரும்போது எடுக்கிற அந்தக் காப்பீடு இருக்கிறதே, அந்த நிறுவனம் மூன்று மாதம் காகிதம் காகிதமாகக் கேட்டு, கடைசியில் "முன்பே இருந்த நோய்" என்று கைவிரித்தது. இருபது வருடத்துக்கு முன் ஊரில் அல்சருக்கு மாத்திரை சாப்பிட்டதாக அவர் வெள்ளந்தியாக மருத்துவரிடம் சொன்னாராம், அதுதான் காரணம். அந்தக் கடனை ஒரு வருடம் அடைத்தேன். பெற்றோரை அழைக்கிறவர்கள் பாலிசியின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த "முன்பே இருந்த நோய்" பத்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் பொறுப்பு பற்றிப் பேசவில்லை, பைக் என்றதும்தான் பேசுகிறார்கள்.

சரி. இரவு ஹோல் இன் த வால் முகாமில் தங்கினோம். குளிர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. காலையில் புளிசாதத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள்தான் அந்தச் சம்பவம். கெல்சோ சீமா ரோட்டைத் தாண்டி மார்ல் ஸ்பிரிங்ஸ் நோக்கிப் போகும் வழி, இரண்டு பக்கமும் ஜோஷுவா மரங்கள். வடக்கே சீமா மேட்டில் 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து எரிந்து பதின்மூன்று லட்சம் ஜோஷுவா மரம் போயிற்று என்கிறார்கள், அதைச் சொன்னதிலிருந்து என் மகள் ஒவ்வொரு மரத்தையும் பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் ஓட்டினாள். எங்களுக்குள் ஒரு விதி இருந்தது: பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும். ஹோண்டா நண்பர் ஒரு பிரிவில் நிற்கவில்லை. தெளிவான பாதைதானே, யார் தவறப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். என் மகள் தவறிவிட்டாள். பின்னால் வந்த நான் ஒரு டயர்த் தடத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள் என்று வந்துவிட்டேன். ஊற்றுப் பக்கம் போய் ஹெல்மெட்டைக் கழற்றி எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது.

போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் கருவி ஒன்றுதான் இருந்தது, அது என் பையில். அந்த நாற்பது நிமிடம் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்கு வரவில்லை. மனைவி அழவில்லை, கத்தவில்லை, "தடத்தைப் பார்த்துத் திரும்பிப் போ, வேகமாகப் போகாதே, நீயும் விழுந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டும்" என்றாள். நானும் மதுரைக்காரரும் பாதை பிரிந்த இடம் வரை திரும்பி வந்து, தடத்தை இறங்கிப் பார்த்து, வடக்கே போன கிளையில் ஒரு மைல் போனோம். விசில் சத்தம் கேட்டது. பாதை ஓரமாக வண்டியை நிறுத்தி, மரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, மூன்று மூன்றாக விசில் ஊதிக்கொண்டிருந்தாள். "யாரையும் காணோம்னதும் நின்னுட்டேன்பா. நீங்கதானே சொன்னீங்க, வழி தப்பினா நகராதேன்னு" என்றாள்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவளுக்கு 17 வயது. கலிபோர்னியாவில் 21 வயதுக்குக் கீழே என்றால் பயிற்சி வகுப்பு கட்டாயம், பர்மிட் எடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் லைசென்ஸ். அதெல்லாம் முடித்து, வீட்டுக்குப் பின்னால் மண்ணில் பஞ்சர் ஒட்டிப் பழகி, வழி தப்பினால் என்ன செய்வது என்று பத்து முறை பேசி வைத்து, அப்புறம்தான் கூட்டிப் போனேன். தப்பு பெரியவர்கள் எங்கள் பக்கம்தான் நடந்தது. நண்பர் நிற்கவில்லை, நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து முன்னால் போகிற வண்டியிலும் கடைசி வண்டியிலும் ஒவ்வொரு சாட்டிலைட் கருவி. ஆளுக்கொரு விசில், முதுகுப் பையில் மூன்று லிட்டர் தண்ணீர், இது இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை.

அப்புறம் சோடா ஏரி. ஏரி என்று பெயர், பெரும்பாலும் வெள்ளை உப்புப் பரப்புதான். அதற்கு நடுவில் பயணிகள் நினைவுக் குவியல் ஒன்று இருக்கிறது, போகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுபோய் வைப்பார்கள். நாங்களும் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கற்களைக் கொண்டுபோயிருந்தோம், அப்பாவும் ஒன்று எடுத்து வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது மாலை மூன்று மணி. போன வாரம் மழை. தடம் மேலே காய்ந்துதான் தெரிந்தது, ஆனால் நிறம் கறுத்திருந்தது. நண்பர்கள் போய்விடலாம் என்றார்கள், எனக்கும் ஆசைதான். மனைவி வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு பத்து அடி நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மேல் ஓடு உடைந்து கணுக்கால் வரை சாம்பல் நிறச் சேறு. "திரும்பலாம்" என்றாள். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை, காலையில் நடந்தது எல்லோர் மனதிலும் இருந்தது. கெல்பேக்கர் ரோட்டுக்குத் திரும்பி பேக்கர் ஊருக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அந்தச் சேற்றில் இறங்கியிருந்தால் டொயோட்டா அங்கேயே இருந்திருக்கும், அப்பாவும் பையனும் அதற்குள் இருந்திருப்பார்கள். "பொம்பளைக்கு எதற்கு பைக்" என்று கேட்ட என் பெரியப்பா மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

உங்கள் பெரியவர்கள் பயப்படுவது நியாயம். அவர்களிடம் சண்டை போடாதீர்கள், முடிந்தால் காரில் ஏற்றிக் கூட்டிப் போங்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், கோடையில் வேண்டவே வேண்டாம். இருக்கிறதிலேயே மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம் என்று கிளம்புவதற்கு முன்பே நண்பர்களிடம் பேசி முடித்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு நெருக்கமான நண்பராக இருந்தாலும் அவரோடு வேறு ஊருக்குப் போகலாம், பாலைவனத்துக்கு வேண்டாம்.

அடுத்த வருடம் மார்ச்சில் திரும்பவும் போனோம். ஏரி நன்றாகக் காய்ந்து கிடந்தது. அப்பா ஊருக்குப் போய்விட்டார், கல்லை என் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மகள்தான் அதைக் கொண்டுபோய் வைத்தாள். குவியலின் உச்சியில் ஒரு பலகை இருக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் போகாதவர்களிடம் சொல்லக் கூடாது என்பது வழக்கம். பேக்கருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் தாத்தாவுக்குப் போன் போட்டாள். கல் தாத்தாவுடையதுதானே, அவருக்குச் சொல்லலாம் என்று சொல்லிக் காதோடு காதாக என்னவோ சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது.