வயிறு சின்னதாகிவிட்டது, அவசரம் அப்படியே இருக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது. நர்ஸாக வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் சர்ஜரி செய்துகொண்டேன். எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் என்னால் மெதுவாகச் சாப்பிட முடியவில்லை. டூட்டிக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தே இருபது வருடம் பழகிவிட்டேன். இப்போது நாலு வாய் போனதுமே நடு நெஞ்சில் அடைத்துக்கொள்கிறது. வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரை நுரையாக வெளியே வருகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. வயிறு சின்னதாகிவிட்டது, அவசரம் அப்படியே இருக்கிறது. எல்லோர் முன்னாலும் எழுந்து ஓட வெட்கப்பட்டுத் தனியாகவே சாப்பிடுகிறேன். பழையபடி வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இருபது வருடப் பழக்கம் நான்கு மாதத்தில் போகாது. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அதே சமயம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நுரை வருவதை 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடவும் கூடாது.

ஸ்லீவ் சர்ஜரியில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். ஒரு லிட்டருக்குக்கூட விரிந்துகொடுத்த வயிறு இப்போது சுமார் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். நன்றாக விரியக்கூடிய மேல்பகுதியே போய்விட்டதால் உள்ளே அழுத்தமும் சட்டென்று ஏறும். முதல் வாய் கீழே இறங்குவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் வந்து சேர்ந்தால், உணவுக்குழாயின் அடியிலேயே தேங்கிவிடும். நெஞ்சில் அடைப்பது அதுதான். தேங்கியதை இறக்க உடம்பு எச்சிலைச் சுரக்கிறது. அதற்கும் வழி கிடைக்காதபோது நுரையாக மேலே வருகிறது.

எடுத்துவிட்ட அந்தப் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும். ஆகவே, உங்களுக்கு இப்போது முன்புபோல் அகோரப் பசி இருக்காது என்றே நினைக்கிறேன். பசி விரட்டாத இந்த மாதங்கள்தான் சாப்பிடும் வேகத்தை மாற்ற நல்ல சமயம். பின்னால் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அதற்குள் புதுப் பழக்கம் ஊறிவிட வேண்டும்.

'நன்றாக மென்று சாப்பிடுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவசியமான அறிவுரைதான், ஆனால் அது மட்டும் போதாது. முப்பது தடவை எண்ணி மென்றுவிட்டு, விழுங்கிய அடுத்த நொடியே இன்னொரு வாய் போட்டுக்கொள்பவர்களும் அவதிப்படத்தான் செய்கிறார்கள். அடுத்த முறை சாப்பிடும்போது உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள். வாய் மென்றுகொண்டிருக்கும்போதே கை அடுத்ததை எடுத்துவிட்டிருக்கும். தட்டுக்கும் வாய்க்கும் நடுவே தயாராக நின்றுகொண்டிருக்கும். அது அப்படி நிற்கும்வரை உங்களால் நிதானமாக மெல்ல முடியாது.

அதனால் கையிலிருந்து தொடங்குங்கள். சின்ன டீஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிரப்பினாலும் அதில் 5 மில்லிதான் பிடிக்கும். ஒரு ஸ்பூன் வாய்க்குள் போனதும் ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உணவு கூழாகும்வரை மெல்லுங்கள். விழுங்கிய பிறகும் அது இறங்கட்டும் என்று கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாய்க்கு ஒரு நிமிடம். இருபது நிமிடத்தில் இருபது ஸ்பூன், அதாவது 100 மில்லி. உங்கள் வயிற்றின் கொள்ளளவும் கிட்டத்தட்ட அதுதானே! வயிறு நிறைந்த சேதி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேரவும் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். முதல் சில நாட்கள் போனில் டைமர் வைத்துக்கொள்ளலாம். டைமர் வைத்தபின் போனைக் கவிழ்த்துவிடுங்கள். திரையைப் பார்த்தபடி சாப்பிட்டால் கை தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும்.

மெதுவாக என்றால் மணிக்கணக்கில் என்று அர்த்தமில்லை. அரை மணி நேரம் ஆனதும் மிச்சமிருந்தாலும் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கிற பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் அடைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். வயிறு நிறைந்ததே தெரியாது, எடை திரும்ப ஏறும். தட்டில் புரோட்டீன் உள்ளதை முதலில் சாப்பிடுங்கள், நாளுக்கு 60 கிராமாவது தேவை. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துச் சிறுசிறு மிடறாகக் குடியுங்கள்.

போதும் என்பதை உங்கள் உடம்பு இப்போது வேறு விதமாகச் சொல்லும். ஒரு விக்கல், ஒரு தும்மல், திடீரென்று மூக்கில் நீர், தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு. ஆளுக்கு ஆள் இது மாறும். நெஞ்சு அடைப்பதற்கு ஓரிரு வாய் முன்னால் உங்களுக்கு என்ன வருகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தட்டில் ஒரே ஒரு ஸ்பூன்தான் மிச்சம் என்றாலும் சரி. அந்தக் கடைசி ஸ்பூன்தான் பெரும்பாலும் நுரையைக் கொண்டுவரும்.

டூட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நிமிட இடைவேளையில் திட உணவை மெதுவாகச் சாப்பிடச் சொல்வதில் நியாயமில்லை. அந்த நேரத்துக்கு உங்கள் டயட்டீஷியன் சொல்லும் புரோட்டீன் பானத்தை வைத்துக்கொண்டு இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். இருபது நிமிடம் உறுதியாகக் கிடைக்கிற வேளைக்குத் திட உணவை ஒதுக்குங்கள். எதுவுமே சாப்பிடாமல் மட்டும் ஷிஃப்டை முடிக்காதீர்கள். காய்ந்த வயிற்றோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எந்த டைமரும் உதவாது.

அடைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், அழுத்தம்தான் கூடும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெல்ல நடங்கள். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். அன்று அதன்பின் திரவ உணவு மட்டும் போதும். காய்ந்த இறைச்சி, பிரெட், ஒட்டிக்கொள்ளும் பதத்தில் உள்ளவை கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

எதுவானாலும் உங்கள் சர்ஜனை இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழாய் எங்காவது சுருங்கியிருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். எண்டோஸ்கோபியில் அது தெரிந்துவிடும், பல நேரம் பலூன் வைத்தே விரித்துவிடலாம். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. அது குறித்தும் கேளுங்கள். தண்ணீர்கூட உள்ளே நிற்காத நிலை ஒரு நாள் நீடித்தாலோ, காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ படபடப்போ வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்ஸ் என்பதால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கேட்டதற்குப் பதில்: முடியும். அளவு சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் எல்லோரும் உண்பதை அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு விஷயங்களை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் தட்டில் நானே போட்டுக்கொள்கிறேன், 'இன்னும் கொஞ்சம்' என்று யாரும் வற்புறுத்த வேண்டாம் என்பது ஒன்று. வாயில் உணவு இருக்கும்போது கேட்டால் பதில் வரத் தாமதமாகும் என்பது இன்னொன்று. பேச்சு அவசரத்தில் மெல்லாமல் விழுங்குவது நிறையப் பேருக்கு நடக்கிறது. பேச வேண்டியதை, விழுங்கிய பிறகு ஸ்பூன் கீழே இருக்கும் அந்த இடைவெளியில் பேசுங்கள். முதல் சில நாட்கள், ஏற்கெனவே சிரமமில்லாமல் இறங்கிய மிருதுவான உணவையே எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள்.